கலைவாணின்னு யாரும் இல்லீங்க

குறிஞ்சி ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி கலைவாணி, என் கூடப்பிறந்த அக்கா. இதை முதல் வரியிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். போன பங்குனி மாதம் ஒரு போலீஸ்காரர் மலையேறி வந்து கேட்டபோது, அப்படி ஒரு பெண் இந்த ஊரிலேயே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவன் நான். அந்தப் பாவத்துக்கு இது ஒரு சின்னப் பரிகாரம்.

என் பெயர் தனசேகரன். ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிற நெல்லிமரத்தூர்தான் ஊர். மொத்தம் நாற்பத்தொரு வீடு. குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். புளி, பலா, சாமை என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்குவேன். எங்கள் குடும்பமே போக்குவரத்துத் தொழில்தான் என்று அக்காவைக் கேலி செய்வதுண்டு. அவளிடம் ஆறு விமானம், என்னிடம் ஒரு குட்டி யானை. அவளுடையது தாமதமானால் பேப்பரில் வரும். என்னுடையது சரியான நேரத்துக்குக் கிளம்பினால்தான் பேப்பரில் போட வேண்டும்.

அக்கா ஒன்பதாவது படிக்கும்போது அப்பா கோபால்சாமி மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா மாணிக்கம்மாளுக்கு ஒரே தம்பி, சின்னதம்பி மாமா. எங்கள் நிலத்தை உழுது கொடுக்க வந்தவர், பாவம், எங்களோடேயே தங்கிவிட்டார். அவர் உழுத சாமையில்தான் அக்கா விடுதியில் இருந்து பன்னிரண்டாவது முடித்தாள், வேலூரில் பி.காம். முடித்தாள். 2002இல் சென்னை விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு உள்ளே அனுப்புகிற இடத்தில் உட்கார வேண்டும்.

"பி.காம். படிச்சிட்டு எட போடற வேலயா?" என்று மாமா கேட்டார். "அத இங்கியே பண்லாமேம்மா. புளி மூட்ட எத்தினி கெடக்குது."

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். ஆனால் மாமா சொன்னது பாதி பலித்தது. விமானத்தில் எடைதான் எல்லாம். எத்தனை பேர், எவ்வளவு மூட்டை, எது முன்னால், எது பின்னால் என்று கணக்குப் போட்டு எழுதித் தந்த பிறகுதான் விமானி வண்டியை எடுப்பார். ஒருநாள் மதுரைக்குப் போகிற சின்ன விமானத்துக்கு ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. கையில் கொண்டுபோகிற பை இத்தனை கிலோதான் இருக்கலாம் என்று விதி உண்டு. ஆளுக்கு ஒரு பை, பார்த்தால் துணிப்பை. எல்லாம் சரி என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. தராசில் வைத்துப் பார்த்தால் அத்தனையும் சீர்வரிசைப் பித்தளை. குத்துவிளக்கு, குடம், அண்டா மூடி. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள், விமானம் நாற்பது நிமிடம் தாமதம். கடைசியில் விமானி இறங்கி வந்து கைகொடுத்துவிட்டுப் போனாராம்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிறகு கேட்டேன். "விறகு செமந்தவங்களுக்குத் தெரியும்டா. பையப் பாக்கக் கூடாது, தூக்கறவங்க கழுத்தப் பாக்கணும்" என்றாள்.

அந்தக் கழுத்தைப் பார்த்த கண்தான் அவளை மேலே ஏற்றியது. எடைக் கணக்கிலிருந்து, எந்த விமானம் எப்போது எங்கே என்று பார்க்கிற கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். குறிஞ்சி ஏர்வேஸ் ஆரம்பித்தபோது அதில் சேர்ந்து, விமானங்களை இயக்குகிற பகுதி முழுவதற்கும் தலைவியானாள். அவள் கொண்டுவந்த விதி ஒன்று அந்தக் கம்பெனியில் இன்றும் இருக்கிறது. விமானம் தாமதமானால் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று மழுப்பக் கூடாது. டயர் பஞ்சர் என்றால் டயர் பஞ்சர் என்றே அறிவிக்க வேண்டும். முதலாளிகள் முணுமுணுத்தார்கள். பயணிகள் திட்டுவதற்குப் பதிலாக, டயரை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவள், எங்கள் வீட்டில் மட்டும் வாயில்லாப் பூச்சி. வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவாள். இரண்டு நாள் இருப்பாள். அம்மா சோறு போடுவாள், இவள் சாப்பிடுவாள், பிறகு போய்விடுவாள். அம்மா ஒருமுறைகூடச் சென்னைக்குப் போனதில்லை. அக்கா கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள், அந்தக் கோபம்தான் அம்மாவுக்கு என்று நான் நினைத்திருந்தேன். நான் நினைத்தது எது சரியாக இருந்திருக்கிறது, இது சரியாக இருக்க?

போன வருட ஆரம்பத்தில் குறிஞ்சியின் தலைமை அதிகாரி விலகிப் போக, கம்பெனியார் கூடிப் பேசி அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் விமானக் கம்பெனிக்குத் தலைமை என்பது நம் சங்கத் தலைவர் மாதிரி மாலை போட்டு உட்கார வைக்கிற காரியம் இல்லை. அந்த ஆள் யார், எவர், எந்த ஊர் என்று அரசாங்கம் விசாரித்துப் பாதுகாப்புச் சான்று தந்தால்தான் நாற்காலி. இதற்கு முன்னால் அவளுக்கு நடந்த விசாரிப்பெல்லாம் சென்னை முகவரியிலேயே முடிந்துவிட்டது. இந்தத் தடவை பிறந்த ஊரிலும் விசாரிக்க வேண்டும் என்று காகிதம் மலைக்கு ஏறியது. அக்கா அதை எங்களிடம் சொல்லவில்லை. கைக்கு வராதது அவள் வாய்க்கும் வராது.

இங்கேதான் எங்கள் ஊர்ச் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

அக்கா சென்னைக்குப் போன மறு வருடம், வெளியூரிலிருந்து நாலைந்து போலீஸ்காரர்கள் சாதாரண உடுப்பில் வந்து சின்னதம்பி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காட்டில் மரம் வெட்டிய வழக்கு என்றார்கள். மாமா உழவு மாட்டைத் தவிர வேறெதையும் அதட்டியறியாத மனிதர். பதினோரு மாதம் கழித்து, அது வேறு மலையிலிருக்கிற வேறு சின்னதம்பி என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். போனபோது கறுப்பாக இருந்த தலை, வந்தபோது முக்கால்வாசி வெள்ளை. அந்த வருடத் திருவிழாவுக்குக் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இனிமேல் யார் வந்து யார் பேரைக் கேட்டாலும், பதில் ஒன்றுதான். அப்படி யாரும் இல்லீங்க. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சரே இரண்டு நாள் அலைந்து, இந்த ஊரில் மனிதர்களே இல்லை போலிருக்கிறது என்று அழாத குறையாகத் திரும்பிப் போனார்.

பங்குனியில் ஊரே புளி உடைத்துக்கொண்டிருந்தது. நான் ஊருக்குள் நுழைகிற வளைவில் வண்டியை நிறுத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பைக்கில் ஓர் இளைஞர் வந்தார். சாதாரணச் சட்டைதான், ஆனால் பழுப்பு ஷூவும் தலைமுடியும் காட்டிக்கொடுத்துவிட்டன. கையில் ஒரு ஃபைல்.

"அண்ணே, இங்க கலைவாணின்னு ஒருத்தங்க, கோபால்சாமி பொண்ணு. அவங்க வூடு எது?"

"இன்னா வெசயம் சார்?"

"ஒரு சின்ன விசாரணை."

அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நமக்கு விசாரிப்பது என்றால் நல்ல காரியம். சந்தையில் பார்த்தவன் 'வூட்ல எல்லாரையும் விசாரிச்சேன்னு சொல்லு' என்றால் மனசு குளிர்ந்துவிடும். அதே சொல் கொஞ்சம் நீண்டு விசாரணை என்று ஆகிவிட்டால், காட்டுப் பக்கம் ஓட வேண்டியதுதான். தூக்கிய மூட்டையை அப்படியே கீழே வைத்தேன்.

"அப்பிடி யாரும் இல்லீங்களே சார்."

"கோபால்சாமி?"

"அவரும் இல்லீங்க." அந்த ஒன்று மட்டும் உண்மை. செத்துப் பல வருடமாயிற்று.

"நீங்க?"

"நான் லோடு ஏத்த வந்தவன் சார். மலைக்குக் கீழ, கீழ்நாட்டு ஆளு."

அவர் உள்ளே போனார். நான் சும்மா இருப்பேனா, பின்னாலேயே போனேன். முதல் வீட்டுப் பெரியம்மாள், ஊரில் யார் வீட்டு ஆடு எங்கே மேய்கிறது என்றுகூட அறிந்தவள். "கலைவாணியா? டிவி நாடகத்துல வர்ற பொண்ணா?" என்று கேட்டாள். இன்னும் நாலு வீட்டில் நாலு விதமாக இல்லை என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியில் எங்கள் வீடு. கதவு எண்ணை அவர் ஃபைலோடு ஒத்துப் பார்த்தார். அம்மா வாசலில் சாக்கு விரித்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்குக் கலைவாணின்னு ஒரு பொண்ணு இருக்காங்களா?"

அம்மா தலையைத் தூக்கவில்லை. "எனக்குப் பொண்ணே இல்லீங்க."

"பொறந்து வெளியூர் போனவங்க யாராச்சும்?"

"பொறக்கவே இல்லீங்க. ஒரே பையன். அவனும் ஊர்ல இல்ல." மூன்றடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் எழுதிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். அம்மா மோராகவே கொடுத்தாள். நல்ல பையன்தான், பெயர் பார்த்திபன் என்று பிறகு தெரிந்தது. அவர் வண்டி வளைவில் மறைந்ததும் ஊரே மூச்சு விட்டது. நாற்பத்தொரு வீட்டில் ஒரு வாய்கூடத் தவறவில்லை. அன்று எங்களுக்குத் தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். எங்கள் ஊரில் சிக்னல் அந்த வளைவில் மட்டும்தான் வரும். அங்கே நின்றுகொண்டு பேசினேன்.

"தனா, ஊர்ல என்னப் பத்திக் கேட்டுக்கினு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா! ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீ ஒண்ணும் கவலப்படாத."

நான் விடாமல் அளந்தேன். "பெரியம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? ஆனா எல்லாத்தையும் விட நம்ம அம்மாதான் கெட்டி. எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு சொல்லிடுச்சு. கண்ணக்கூடச் சிமிட்டல!"

பிறகு அக்கா பேசினாள். குரல் எடைக் கணக்குப் போடுகிற குரல். எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. வந்தது தன்னுடைய வேலைக்கான விசாரிப்பு என்றாள். 'விசாரித்ததில் அவ்வூரில் அப்படி ஒரு நபர் இல்லை, தாய் எனக் கூறப்படுபவரும் மறுத்துவிட்டார்' என்று அறிக்கை போயிருக்கிறது. பொய்யான பிறந்த ஊரைக் கொடுத்தவள் என்று ஆகிவிட்டால் தலைமைப் பதவி மட்டுமல்ல, விமான நிலையத்துக்குள் நுழைகிற அட்டையையும் பிடுங்கிவிடுவார்கள். இருபத்திரண்டு வருட வேலை அதோடு சரி. கம்பெனி எழுதிக் கேட்டதில் இன்னொரு முறை விசாரிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை போர்டு கூடுகிறது. அதற்குள் சான்று வராவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள்.

"புதன்கிழமை அதே போலீஸ்காரர் வருவாரு. அம்மா வாயால சொன்னாத்தான் செல்லும். அம்மாகிட்ட சொல்றியா?"

"சொல்றேன்கா. நான்தான் முட்டாத்தனமா..."

"நீ இன்னா பண்ணுவ. அம்மா மனசுல இருந்தத அம்மா சொல்லிச்சு" என்று வைத்துவிட்டாள்.

தேர்தலில் ஜெயித்த கட்சி, மறுநாள் காலையில் தோற்றதாகத் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நேரே அம்மாவிடம் ஓடினேன். விமானம், போர்டு, சான்று என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு, "நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

"அம்மா, இது வேலைக்கும்மா!"

"அப்பிடித்தான் சொல்வாங்க. நல்லதுக்குன்னுதான் வருவாங்க. வேலயே போனாலும் போவட்டும். நான் வாயத் தொறக்கமாட்டேன்."

ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். இப்போது ஒத்துக்கொண்டால் முன்பு பொய் சொன்னதற்கும் சேர்த்து இரண்டு வழக்காகுமோ என்று அவர்களுக்கும் உள்ளூர உதறல். பெரியம்மாள் மட்டும் துணிந்து, தானே பெற்றதாகச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சட்டம் ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் தடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்காவே காரில் வந்து இறங்கினாள். பொங்கல் இல்லாத நாளில் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள். அம்மா, நான், மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த சின்னதம்பி மாமா, மூன்று பேர்தான் இருந்தோம்.

"உனக்கு நான் வேணாம்னா பரவால்லம்மா" என்றாள் அக்கா. "அது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுல நான் உனக்குத் தண்ணி பாட்டில் வாங்கினு வந்துக்கினு இருந்தேன். பக்கத்துல குந்தினு இருந்த அம்மா எத்தினி பசங்கன்னு உன்னக் கேட்டாங்க. ஒரே பையன்னு சொன்ன. என் காதால கேட்டேன். பத்தொம்போது வருசம் ஆச்சு. நான் ஒருநாளும் ஏன்னு கேக்கல. இப்பவும் கேக்கல. நாளைக்கி ஒருவாட்டி மட்டும் ஆமான்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் வரமாட்டேன்."

இதைத்தான் இத்தனை வருடமாக இரண்டு நாள் சோற்றோடு விழுங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நானோ கல்யாணம், கோபம் என்று கதை கட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்துகொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. புளி அப்பிய கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க வந்தப்போ நான்தான்டி காட்டனேன்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"இவன இட்டுகினு போனாங்களே, அன்னிக்கி. சின்னதம்பி யாருன்னு கேட்டாங்க. கவர்மெண்டுல எல்லாருக்கும் ஆடு குடுக்கப் போறாங்கன்னு பேச்சு இருந்துச்சு அப்போ. எந்தம்பிக்குத்தான் மொதல்ல ஆடு வந்துச்சின்னு நெனச்சிக்கினேன். தோ, புளியமரத்தாண்ட நிக்கறானே, அவந்தான் எந்தம்பின்னு கத்திக் கைய நீட்டனேன். நேராப் போயி அவங் கையப் புடிச்சாங்க." அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "இது யாருக்கும் தெரியாது. அதுலேர்ந்து, உம் பேரு என் வாய்ல வந்தா உன்னயும் யாராச்சும் புடிச்சிக்கினு போய்டுவாங்கன்னு பயம். பஸ் ஸ்டாண்டுல கேட்டா சொல்லமாட்டேன். சந்தையில கேட்டாலும் சொல்லமாட்டேன். இல்லன்னு சொல்லிட்டா நீ எங்கியோ நல்லாருப்பேன்னு இருந்தேன்."

இருபது வருடத்துக்கு மேல் எங்கள் ஊரில் யார் காதிலும் படாத விஷயம் இது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மாட்டின் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி முடித்துவிட்டு மெதுவாக வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றார்.

"இன்னாடா?"

"உங்கொரல் எனக்குத் தெரியாதா? எந்தம்பின்னு நீ கத்துனப்பவே கேட்டுச்சு. எவ்ளோ சந்தோசமாச் சொன்ன. பதினோரு மாசம் உள்ள இருந்தப்போ அந்தக் கொரலத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். உம்மேல ஒருநாளும் கோவம் வரல."

அம்மா அவர் தோளில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். மாமா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "அது தப்பான ஆளத் தேடி வந்த போலீசு. இவுரு சரியான ஆளத் தேடி வந்துருக்காரு. நாளைக்கி நல்லாக் காட்டு. நான் கூடவே குந்தினு இருக்கேன்" என்றார்.

அக்கா அன்று வீட்டுக்குள் வந்து சாப்பிட்டாள். அம்மா இரண்டாம் முறை குழம்பு ஊற்றியபோது வேண்டாம் என்று கையால் மறைக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பார்த்திபன் பைக்கில் வந்தார். ஊர் முழுக்க வாசலில் நின்றது. அவரைப் பார்த்ததும் நான் கும்பிட்டேன்.

"நீங்க கீழ்நாட்டு லோடு ஆளுதான?" என்றார்.

"தம்பி சார். அவங்க தம்பி" என்றேன். அவர் பெருந்தன்மையாக அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவின் முன்னால் நின்று ஃபைலைத் திறந்தார். "பயப்படாதீங்கம்மா. சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னுதான் வந்தேன். கலைவாணிங்கறவங்க..."

முடிக்கவிடவில்லை அம்மா. கையை நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை. "தோ, செகப்புப் பொடவ கட்டிக்கினு நிக்குதே, அதான் எம் பொண்ணு. கலைவாணி. மூத்தவ. எம் வவுத்துல பொறந்தவ."

"சரிங்கம்மா, எழுதிக்கறேன்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதவில்லை. இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்தது மொத்தமாக வந்தது. ஆடி மாதம் விடியற்காலையில் பிறந்தாள், மழை. மூன்று நாள் அழாமல் இருந்தாள், ஊமையோ என்று பயந்தோம். எட்டு மாதத்தில் நடந்தாள். நாலாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டுத் தம்பிமேல் பழி போட்டாள். இந்த விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும், அடி வாங்கினவன் நான். விமானத்துக்கே எடை போட்டவள், ஆறு விமானத்துக்குப் பெரியவளாகப் போகிறாள். பார்த்திபன் பேனாவை மூடி வைத்துவிட்டு, கால் மணி நேரம் நின்றபடியே கேட்டார். நடுவில் ஒருமுறை அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுதியதைப் படித்துக் காட்டினார். "மேற்படி கலைவாணி என்பவர் தன் வயிற்றில் பிறந்த மூத்த மகள் என்பதை மாணிக்கம்மாள் நேரில் உறுதி செய்தார்."

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள் அம்மா.

அவர் மறுபடியும் படித்தார். அம்மா கைநாட்டு வைத்தாள். சாட்சியாக மாமா கையெழுத்துப் போட்டார். போலீஸ்காரர் நீட்டிய காகிதத்தில் சின்னதம்பி மாமா தானாக விரும்பிக் கையெழுத்துப் போட்டதை ஊரே வேடிக்கை பார்த்தது.

வெள்ளிக்கிழமை காலை சான்று வந்துவிட்டது. போர்டு கூடி அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தது. அவள் போன் செய்து சொன்னபோது வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. வளைவிலேயே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் போட்டோ வந்தது. ஆனால் எனக்கு அந்த வெள்ளிக்கிழமையைவிட, புதன்கிழமை பார்த்திபனின் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஊர் கலைந்துவிட்டது. அக்கா வந்து அம்மாவின் எதிரில் சாக்கில் உட்கார்ந்தாள். கைநாட்டு மை ஒட்டியிருந்த அம்மாவின் கட்டைவிரலைத் தன் முந்தானையால் துடைத்தாள். மை போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். டயர் பஞ்சரை மைக்கில் சொல்லச் சொன்ன அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை.

அம்மா அவள் தலையைத் தடவினாள்.

"பைத்தியக்காரி" என்றாள். "உன்ன ஒளிச்சில்ல வெச்சிருந்தேன். தொலச்சிட்டேன்னா நெனச்சிக்கினு இருந்த?"